வாசற்படி கடந்த துணை

1928-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், அமெரிக்காவின் டென்னெஸி மாநிலத்து நாஷ்வில் நகரைச் சேர்ந்த மோரிஸ் ஃபிராங்க் என்னும் இருபது வயது இளைஞர் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கம்பெனி அவரை ஒரு பார்சலாகவே ஏற்றுக்கொண்டு அனுப்பியது. இதை நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. ஆறு வயதில் குதிரைச் சவாரியின்போது மரக்கிளை மோதி ஒரு கண்ணையும், பதினாறு வயதில் குத்துச்சண்டையில் மற்றக் கண்ணையும் இழந்திருந்த அவர் தனியாகப் பிரயாணம் செய்ய வல்லவர் என்று அக்காலத்தில் ஒருவரும் நம்பவில்லை. ஆகவே ஒரு கையிலிருந்து மறு கைக்கு ரசீது பெற்று மாற்றும் சரக்கைப் போல அவரும் மாற்றப்பட்டார். கப்பலில் அவரைக் கவனிக்க நியமிக்கப்பட்ட ஊழியர் குறித்த நேரத்தில் அவரை மேல்தளத்துக்கு அழைத்துச் சென்று உலாவச் செய்து, குறித்த நேரத்தில் அறைக்குள் கொண்டுபோய் விட்டு அடைத்துவிடுவார். சில வாரங்கள் கழித்து அதே கடலைக் கடந்து திரும்பி வந்த மோரிஸ் ஃபிராங்கின் இடக்கை, ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் பெண் நாயின் முதுகில் பூட்டிய தோற்கச்சையின் கைப்பிடியைப் பற்றியிருந்தது. விரும்பிய நேரத்தில் மேல்தளத்துக்கு ஏறவும், விரும்பிய நேரத்தில் இறங்கவும், யாரையும் எதிர்பாராமல் உணவு மண்டபத்துக்குச் சென்று அமரவும் அவரால் இப்போது முடிந்தது. நாயின் பெயர் பட்டி.

இன்று அமெரிக்காவில் விமானங்களிலும் உணவு விடுதிகளிலும் வாடகைக் குடியிருப்புகளிலும் ஓயாமல் நடந்துவரும் ஒரு பெரிய விவாதத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கப்பல் பிரயாணம்தான் நினைவுக்கு வருகிறது. மனத்தளர்ச்சியாலும் அச்சத்தாலும் துன்புறுகிறவர்கள், தங்களுக்கு ஆறுதலளிக்கும் நாயையோ பூனையையோ பொது இடங்களுக்கு உடன் அழைத்துவரலாமா என்பது அந்த விவாதம். இவ்வகைப் பிராணியை அவர்கள் 'எமோஷனல் சப்போர்ட் அனிமல்' என்கிறார்கள். மனத்துணைப் பிராணி என்று நாம் சொல்லலாம். இந்த விவாதத்தில் வெறும் கோபத்தோடு பேசுகிறவர்களும் வெறும் பரிவோடு பேசுகிறவர்களும் ஒரு விஷயத்தைக் கவனிக்கத் தவறுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். மனிதனோடு ஒரு பிராணி பொது இடத்தின் வாசற்படியைக் கடந்து உள்ளே வருவதற்கான உரிமை ஒரே நாளில் பிறந்ததன்று. பல ஆண்டுகளில், பலருடைய உழைப்பாலும், அந்தப் பிராணிகளின் ஒழுக்கத்தாலுமே அது சிறிது சிறிதாக ஈட்டப்பட்டது. அந்தச் சரித்திரத்தை ஒருமுறை பின்னோக்கிப் பார்ப்பது பயனுள்ளது.

பார்வையற்றவர் முன்னே நாய் நடந்து செல்லும் காட்சி மிகப் பழையது. வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் புதையுண்டு கிடந்த ரோமானிய நகரச் சுவரோவியம் ஒன்றிலேயே அது தீட்டப்பட்டிருக்கிறது. ஆயினும் நாயை முறையாகப் பழக்கும் எண்ணம் மிகப் பிற்காலத்தில்தான் தோன்றியது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வியன்னா நகரத்தில், சல்லடை செய்து பிழைத்துவந்த ஜோசப் ரைசிங்கர் என்னும் பார்வையற்றவர், தம்முடைய ஸ்பிட்ஸ் நாயைத் தாமே பழக்கி, அதன் துணையோடு நகரம் முழுவதும் நடமாடியதாகவும், அவர் நடந்து சென்ற தெளிவைக் கண்ட ஊரார் இவருக்கு உண்மையிலேயே கண் தெரியாதா என்று சந்தேகப்பட்டதாகவும் சொல்கிறார்கள். இந்தச் சந்தேகத்தை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். துணை எவ்வளவு செவ்வையாக இருக்கிறதோ அவ்வளவுக்கு ஊனம் கண்ணுக்குப் புலப்படாமல் போகிறது என்ற இந்தச் சங்கடம், இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் தீர்ந்தபாடில்லை. அதே வியன்னாவில் பார்வையற்றோர் கல்வி நிலையத்தை நிறுவிய யோஹான் வில்ஹெல்ம் கிளைன், 1819-இல் வெளியிட்ட தமது நூலில், நாயின் கழுத்துப்பட்டையோடு விறைப்பான கோல் ஒன்றைப் பிணைத்து, அதன் அசைவால் நாய் நிற்பதையும் திரும்புவதையும் கையால் உணரும் முறையை எழுதிவைத்தார். இன்றைய கச்சையின் கைப்பிடிக்கு அந்தக் கோலே மூதாதை. ஆனால் அவர் எழுதியது நூலளவில் நின்றுபோயிற்று.

அதை நடைமுறைக்குக் கொண்டுவர ஒரு மகா யுத்தம் தேவைப்பட்டது என்பது வருந்தத்தக்க உண்மை. முதல் உலக யுத்தத்தின் விஷவாயுவாலும் வெடிகுண்டுகளாலும் ஆயிரக்கணக்கான ஜெர்மானியச் சிப்பாய்கள் கண்ணிழந்து ஊர் திரும்பிய காலத்தில், போர்க்களத்தில் காயம்பட்டோரைத் தேடிக் கண்டுபிடிக்கும் நாய்களைப் பழக்கிவந்த சங்கத்தின் தலைவராகிய டாக்டர் கெர்ஹார்ட் ஸ்டாலிங், 1916-இல் ஓல்டன்பர்க் நகரத்தில் வழிகாட்டி நாய்களுக்கான முதல் பள்ளியைத் தொடங்கினார். ஒருநாள் ஆஸ்பத்திரித் தோட்டத்தில் பார்வையற்ற நோயாளி ஒருவருடன் உலாவிக்கொண்டிருந்தவர், அவசர வேலையாக அழைக்கப்பட்டுத் தம் நாயை அவரிடம் விட்டுச் சென்று, திரும்பி வந்து பார்க்கையில், அந்த நாய் நோயாளியைத் தானாகவே பாதுகாப்பதுபோல நடந்துகொண்டதைக் கண்டு இந்த யோசனை பிறந்தது என்று ஒரு வழக்கு உண்டு. கதை எவ்வாறாயினும், பள்ளி உண்மை. அதன் பின் 1923-இல் பாட்ஸ்டாம் நகரத்தில் இன்னொரு பள்ளி எழுந்தது. அங்கே சென்று பார்த்து வியந்தவர், ஸ்விட்ஸர்லாந்தில் வெவே நகரத்துக்கு மேலுள்ள மலைச்சரிவில் 'ஃபார்ச்சுனேட் ஃபீல்ட்ஸ்' என்ற பண்ணையில் ஷெப்பர்ட் நாய்களை வளர்த்துப் போலீஸ் வேலைக்கும் ராணுவ வேலைக்கும் பழக்கிவந்த டாரத்தி ஹாரிஸன் யூஸ்டிஸ் என்னும் அமெரிக்கச் சீமாட்டி. தாம் கண்டதை அவர் 1927 நவம்பர் 5-ஆம் தேதி வெளியான 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' பத்திரிகையில் எழுதினார். அதைத் தகப்பனார் படித்துக் காட்டக் கேட்ட நாஷ்வில் இளைஞர் அந்த அம்மையாருக்குக் கடிதம் எழுதினார். அதன் விளைவே நாம் முதலில் கண்ட கப்பல் பிரயாணம்.

இங்கே அந்தப் பயிற்சியின் தன்மையைச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனெனில் பின்னால் எழுந்த விவாதம் முழுவதும் இதைத்தான் சுற்றிச் சுழல்கிறது. வழிகாட்டி நாய் தன் எஜமானரை எங்கே கொண்டுபோக வேண்டும் என்பதை அறியாது. அதை அறிந்தவர் எஜமானரே. முன்னே, வலமே, இடமே என்று அவர் ஆணையிடுவார். தெருவைக் கடக்கும் சந்தர்ப்பத்தை வண்டிகளின் ஓசையைக் கேட்டு அவரே தீர்மானிப்பார். நாயின் வேலை, வழியிலுள்ள தடைகளைச் சுற்றிக்கொண்டு போவதும், படியோ விளிம்போ வந்தால் நிற்பதும்தான். தான் மட்டும் நுழையக்கூடிய இடுக்கில் நுழையாமல், தனக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நடக்கிறார் என்ற அகலத்தையும், தன் தலைக்கு மேலே அவருடைய தலை இருக்கிறது என்ற உயரத்தையும் அது கணக்கிட்டு நடக்கவேண்டும். இவற்றுக்கெல்லாம் சிகரமாக, எஜமானர் 'முன்னே' என்று சொல்லும் தருணத்தில் ஒரு வண்டி விரைந்து வருமானால், அந்த ஆணையை மீறி அசையாமல் நிற்கவும் அது கற்றிருக்க வேண்டும். கீழ்ப்படிதலையே தர்மமாகக் கொண்ட ஒரு ஜீவனுக்கு, எப்போது கீழ்ப்படியக் கூடாது என்பதைக் கற்பிப்பது எத்தனை நுட்பமான வித்தை! இந்த அறிவார்ந்த மீறலைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட பிரமிப்பு இன்னும் நீங்கவில்லை. கச்சை பூட்டியிருக்கும் நேரத்தில் அது எதிரே வரும் நாயைப் பார்த்துக் குரைப்பதில்லை. கீழே சிந்திய உணவை முகர்வதில்லை. அருமையாகத் தடவிக் கொடுக்கவரும் அந்நியரிடம் குழைவதுமில்லை.

1928 ஜூன் மாதத்தில் பட்டியோடு நியூயார்க் துறைமுகத்தில் வந்திறங்கிய மோரிஸ் ஃபிராங்கைச் சூழ்ந்துகொண்ட பத்திரிகை நிருபர்கள், இந்த நாய் செய்யுமென்று சொல்வதையெல்லாம் இதோ இந்தத் தெருவில் செய்து காட்டட்டும் என்று சவால்விட்டார்கள். அது துறைமுகத்தை ஒட்டிய வெஸ்ட் ஸ்ட்ரீட். கண்ணுள்ளவர்களே கடக்கத் தயங்கும் அகன்ற வீதி. லாரிகளும் கார்களும் இரைந்துகொண்டு பாய்கின்றன. எந்த வீதி அது என்று அறியாமலே அவர் 'முன்னே' என்றார். சில அடி நடந்து, நின்று, பின்வாங்கி, மீண்டும் நடந்து, இரைச்சலின் நடுவில் தம்மை முழுவதும் அந்தத் தோற்பிடிக்கு ஒப்படைத்துவிட்டு மறுகரை சேர்ந்த அவர், யூஸ்டிஸ் அம்மையாருக்கு 'வெற்றி' என்ற ஒற்றைச் சொல்லைத் தந்தியடித்தார். மறு ஆண்டு ஜனவரி 29-ஆம் தேதி நாஷ்வில் நகரத்தில் 'தி ஸீயிங் ஐ' என்ற ஸ்தாபனம் பிறந்தது. பின்னர் அது நியூஜெர்ஸி மாநிலத்துக்குப் பெயர்ந்து, மாரிஸ்டவுன் நகரத்தின் பெயரோடு இணைந்துவிட்டது. முதல் நாய்க்கு 150 டாலர், அடுத்து வரும் நாய்களுக்கு 50 டாலர், ராணுவத்தில் பணியாற்றியவர்களுக்கு ஒரே ஒரு டாலர் என்று அவர்கள் கட்டணம் வகுத்தார்கள். பழக்கும் செலவில் இது ஒரு சிறு பகுதிகூட ஆகாது. ஆயினும் பெறுகிறவர் இதைப் பிச்சையாகக் கருதாமல் தம் சொந்தப் பொருளாகக் கருதவேண்டும் என்ற நோக்கத்தால் அந்தத் தொகையை வைத்தார்கள்.

ஆனால் வெஸ்ட் ஸ்ட்ரீட்டைக் கடந்ததைவிடக் கடினமாக இருந்தது, ஓர் உணவு விடுதியின் வாசலைக் கடப்பது. நாய்க்கு அனுமதி இல்லை என்ற பலகை எங்கும் தொங்கியது. ரயில்களில் நாயைச் சாமான் பெட்டியில் ஏற்றிவிடச் சொன்னார்கள், ஹோட்டல்காரர்கள் கைவிரித்தார்கள். ஃபிராங்கும் அவரைப் பின்பற்றிய மற்றவர்களும் ஊர் ஊராகச் சென்று, முதலாளிகளையும் அதிகாரிகளையும் கண்டு, நாயை மேஜைக்கடியில் படுக்கவைத்து, ஒரு மணி நேரம் பேசி முடித்து எழுந்திருக்கும்போதுதான் அப்படியொரு நாய் அங்கே இருந்தது என்பதே பிறருக்கு நினைவு வரும்படி செய்தார்கள். அதைவிடச் சிறந்த வாதம் வேறு இல்லை. 1935-ஆம் ஆண்டுக்குள் அமெரிக்க ரயில் கம்பெனிகள் எல்லாம் வழிகாட்டி நாயைப் பிரயாணியின் காலடியில் இருக்க அனுமதித்தன. 1956-க்குள் எல்லா மாநிலங்களிலும் வழிகாட்டி நாயுடன் பொது இடங்களில் நுழையும் உரிமை சட்டமாயிற்று. 1938-இல் பட்டி மறைந்தது. ஃபிராங்க் தமக்கு அடுத்தடுத்து வாய்த்த நாய்களுக்கும் பட்டி என்றே பெயரிட்டார்.

இது ஒரு வம்சாவளி. மனத்துணைப் பிராணிகளின் வம்சாவளி வேறு; அதன் தொடக்கம் தெருவில் நிகழவில்லை, மனநோயாளிகளை அடைத்துவைத்த சுவர்களுக்குள் நிகழ்ந்தது. இங்கிலாந்தின் யார்க் நகரத்துப் பைத்தியக்கார விடுதியில் 1790-இல் குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த ஒரு பெண் இறந்துபோனார். அவரைப் பார்க்க வந்த நண்பர்களைக்கூட உள்ளே விடவில்லை. இதனால் மனம் நொந்த வில்லியம் ட்யூக் என்ற தேயிலை வியாபாரி, தம் சமயத்தாரின் உதவியோடு 1796-இல் 'ரிட்ரீட்' என்ற புகலிடத்தைத் திறந்தார். சங்கிலிகளையும் அடிகளையும் நம்பிய காலத்தில், மரியாதையாலும் வேலையாலும் அன்பாலும் மனநோயைத் தணிக்கலாம் என்று நம்பிய இடம் அது. அங்கிருந்த முற்றங்களில் முயல்களையும், கடற்காகங்களையும், பருந்துகளையும், கோழிகளையும் வளர்த்தார்கள். அவருடைய பேரர் சாமுவேல் ட்யூக் 1813-இல் வெளியிட்ட நூலில் இதைக் குறிப்பிட்டு, இப்பிராணிகளோடு பழகுவது நோயாளிகளிடத்தில் மனிதரோடு பழகும் நல்லுணர்வுகளை எழுப்புகிறது என்ற கருத்தை எழுதியிருக்கிறார். மனிதரைக் கண்டு அஞ்சி ஒடுங்கிவிட்ட ஓர் உள்ளம், ஒரு முயலுக்குக் கீரை கொடுப்பதன் வழியாக மீண்டும் உலகத்துக்கு வருகிறது என்ற இந்த ஞானம், இன்றைய விவாதத்தில் மனத்துணைப் பிராணியை ஏளனம் செய்கிறவர்கள் ஒருகணம் நின்று எண்ணிப் பார்க்கத் தக்கது. ஏதென்ஸ் நகரத்தில் ஓர் ஆந்தைக் குஞ்சைக் காப்பாற்றி எடுத்துவந்து அதீனா என்று பெயரிட்டு வளர்த்த பிளாரன்ஸ் நைட்டிங்கேலும், செவிலியருக்காக எழுதிய தமது புகழ்பெற்ற நூலில், நெடுநாள் நோயாளிக்குச் சிறு வளர்ப்புப் பிராணி சிறந்த துணை என்று எழுதினார்.

இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதியில் நியூயார்க் மாநிலத்துப் பாவ்லிங் என்ற ஊரில், விமானப் படையைச் சேர்ந்த வீரர்கள் உடலும் மனமும் தேறுவதற்காக அமைத்த நிலையத்தில், பண்ணைப் பிராணிகளோடு அவர்கள் பழகும் வாய்ப்பு இருந்தது. ஆனால் இதை வைத்திய சாஸ்திரத்தின் சபையில் துணிந்து எடுத்துவைத்தவர் போரிஸ் லெவின்ஸன். யெஷீவா பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த அவரிடம், யாரோடும் ஒட்டாமல் தன்னுள் ஒடுங்கிப்போன ஒரு சிறுவனைப் பெற்றோர் ஒருநாள் குறித்த நேரத்துக்கு முன்னதாகவே அழைத்துவந்துவிட்டார்கள். வழக்கமாக நோயாளிகள் வரும் வேளையில் வெளியே அனுப்பிவிடும் ஜிங்கிள்ஸ் என்ற தம் நாயை அன்று அவர் அறையிலேயே விட்டிருந்தார். நாய் ஓடிச் சென்று சிறுவனை நக்கியது, சிறுவன் அஞ்சவில்லை, அதைக் கட்டிக்கொண்டான், மறுபடியும் இந்த நாயோடு விளையாட வரலாமா என்று கேட்டான். அதன் பிறகு பல வாரங்கள் நாயோடு மட்டும் பேசிக்கொண்டிருந்த சிறுவன், நாய்க்குப் பக்கத்தில் ஒரு வைத்தியரும் இருக்கிறார் என்பதைப் படிப்படியாக ஏற்றுக்கொண்டான். 1961-இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் மாநாட்டில் லெவின்ஸன் இதை எடுத்துரைத்தபோது சபையில் சிரிப்பு எழுந்தது. அவர் மனம் தளராமல் அடுத்த ஆண்டு கட்டுரையாகவும், 1969-இல் நூலாகவும் அதை வெளியிட்டார். 1980-இல் எரிகா ஃபிரீட்மனும் அவருடைய சகாக்களும், இருதய நோய்க்குச் சிகிச்சை பெற்றுத் திரும்பிய 92 பேரைக் கவனித்து, ஓராண்டுக்குள் வளர்ப்புப் பிராணி உள்ள 53 பேரில் 3 பேரும், இல்லாத 39 பேரில் 11 பேரும் மரித்ததாக அறிவித்தபோது, சிரித்தவர்கள் மௌனமானார்கள். அந்தக் கணக்கு சிறியது. அதை வைத்துப் பெரிய முடிவுகளைக் கட்டியவர்கள் அளவை மீறினார்கள் என்பதையும் நான் ஒளிக்க விரும்பவில்லை. எனினும், பிராணியின் துணை மனிதனுடைய உடம்புக்குள்ளும் வேலை செய்கிறது என்ற எண்ணம் அன்றுமுதல் வைத்தியர்களால் தள்ள முடியாததாகிவிட்டது.

இவ்விரு வம்சாவளிகளும் ஒன்றோடொன்று கலந்து, பின் மோதிக்கொண்ட இடம் சட்டம். 1973-ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு, அரசாங்கப் பணம் பெறும் எந்த அமைப்பும் ஊனமுற்றோரைப் பாகுபடுத்தக் கூடாது என்றது. அதைப் பற்றிக்கொண்டு, ஜார்ஜியா மாநிலத்தின் டெகால்ப் பகுதியில், பொது வீட்டுவசதிக் குடியிருப்பில் வசித்த மனநோயுற்ற ஒரு பெண்மணி, வளர்ப்புப் பிராணிகளுக்கு இடமில்லை என்ற விதியிலிருந்து தம் நாய்க்கு விலக்கு வேண்டினார். கீழ் நியாயஸ்தலம் அவருக்கு எதிராக முடித்த வழக்கை, மேல்முறையீட்டு நியாயஸ்தலம் 1981-இல் மீண்டும் திறந்தது. விலக்கு அளிப்பது நியாயமான சலுகையாகலாம் என்ற வாதத்துக்கு இவ்வாறு இடம் கிடைத்தது. 1988-இல் வீட்டுவசதிச் சட்டம் திருத்தப்பட்டபோது இந்தக் கொள்கை தனியார் குடியிருப்புகளுக்கும் பரவியது. வீடு என்பது ஒருவர் கதவடைத்துக்கொண்டு வாழும் இடம். அங்கே நாய் என்ன வித்தை கற்றிருக்கிறது என்று கேட்பதில் பெரிய பொருளில்லை. அது அவர் பக்கத்தில் இருந்தால் போதும். ஆகையால் இங்கே சட்டம் தாராளமாக நடந்துகொண்டது சரியே.

1990-இல் வந்த அமெரிக்க ஊனமுற்றோர் சட்டம் கடைகளையும் விடுதிகளையும் அரங்குகளையும் பற்றியது. அதன் கீழ் மறு ஆண்டு வகுத்த விதிகள், ஊனமுற்ற ஒருவருக்காக ஒரு வேலையைச் செய்யத் தனியாகப் பழக்கிய பிராணியையே சேவைப் பிராணி என்றன. பழக்கம் என்ற சொல்லே இங்கே உயிர்நாடி. வெறும் அருகாமையால் ஆறுதல் அளிப்பதை ஒரு வேலையாக அவ்விதிகள் எண்ணவில்லை. ஆனால் விமானங்கள் இந்தச் சட்டத்தின் கீழ் வரவில்லை. அவற்றுக்கு 1986-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இருந்தது. அதை விளக்கிப் போக்குவரத்து இலாகா 2003-இல் வெளியிட்ட குறிப்பு, மனத்துணைப் பிராணிக்கு விசேஷப் பயிற்சி தேவையில்லை, மனநல வைத்தியரின் கடிதம் இருந்தால் போதும் என்று ஒப்புக்கொண்டது. ஆக, வீட்டில் ஒரு நீதி, கடையில் ஒரு நீதி, ஆகாயத்தில் ஒரு நீதி என்று ஒரே பிராணிக்கு மூன்று தராசுகள் ஏற்பட்டுவிட்டன.

இதனால் விளைந்த குழப்பம், பேராசை குறுக்கிட்ட பிறகே பெருங்குழப்பமாயிற்று. சாதாரண வளர்ப்பு நாயை விமான அறைக்குள் கொண்டுபோக ஒரு வழிக்கு நூறு டாலருக்கு மேல் கட்டணம். மனத்துணைப் பிராணிக்கு அப்போது கட்டணம் இல்லை. இந்த இடைவெளியில், நோயாளியின் முகத்தைக்கூடப் பாராமல் சில கேள்விகளுக்குப் பதில் வாங்கிக்கொண்டு, கணினி வழியாகவே வைத்தியக் கடிதத்தை விற்கும் வியாபாரம் செழித்தது. எவரும் கொடுக்க வேண்டாத 'பதிவுச் சான்றிதழ்'களையும், நாய்க்குப் போர்த்தும் மேலங்கிகளையும் விற்றார்கள். அமெரிக்க விமானங்களில் பறந்த மனத்துணைப் பிராணிகள் 2016-இல் 4,81,000 என்றும், மறு ஆண்டில் 7,51,000 என்றும் விமானக் கம்பெனிகளின் சங்கம் கணக்கிட்டது. 2017 ஜூன் மாதத்தில் அட்லாண்டாவில் புறப்படக் காத்திருந்த விமானம் ஒன்றில், பக்கத்து இருக்கைக்காரரின் மனத்துணை நாய் ஒரு பிரயாணியின் முகத்தைக் கடித்துக் குதறியது. 2018 ஜனவரியில் நியூவார்க் விமான நிலையத்துக்கு ஒருவர் மயிலோடு வந்து நின்ற படத்தை உலகமே பார்த்தது.

மயிலைப் பார்த்து நாடு சிரித்தது. அந்தச் சிரிப்பில் மறைந்துபோன இரண்டு துயரங்களைத்தான் நான் இங்கே சொல்ல விரும்புகிறேன். முதலாவது, பழகாத நாய்களால் தாக்கப்படும் வழிகாட்டி நாய்களின் கதி. பல்லாயிரம் டாலர் செலவிட்டு, மாதக்கணக்கில் பழக்கிய வழிகாட்டி நாயின்மீது வேறொரு நாய் ஒருமுறை பாய்ந்துவிட்டால், காயம் ஆறினாலும் அச்சம் ஆறாமல், பிற நாய்களைக் கண்டதும் நடுங்கி வேலையையே விட்டுவிட நேர்கிறது. அப்போது அதன் எஜமானர் மறுபடி கண்ணை இழக்கிறார். ஃபிராங்கும் பட்டியும் மேஜைக்கடியில் அசையாது கிடந்து சம்பாதித்த நம்பிக்கையை, மேலங்கி மாட்டிக்கொண்ட பழகாத நாய் ஒன்று ஐந்து நிமிஷத்தில் கரைத்துவிடுகிறது. அடுத்து வரும் பார்வையற்றவரை அந்த விடுதிக்காரர் வாசலிலேயே நிறுத்தி விசாரிக்கிறார். இரண்டாவது துயரம், உண்மையாகவே மனநோயுற்றவருடையது. கச்சையைக் கண்டதும் கண்ணில்லாதவருக்கு வழிவிடும் உலகம், யுத்தத்திலிருந்து திரும்பி இரவெல்லாம் அலறி விழிக்கும் ஒருவரின் நாயைக் கண்டால், உனக்கு என்ன குறை என்று கேட்கிறது. வியன்னாச் சல்லடைக்காரரைச் சந்தேகித்த கண்தான் அதுவும். விமானங்களில் பல ஆண்டுகள், பார்வையற்றவரின் நாய்க்கு இல்லாத நிபந்தனைகள், மனநோய்க்காக முறையாகப் பழக்கிய நாய்க்கு இருந்தன. வைத்தியர் கடிதமும், 48 மணி நேர முன்னறிவிப்பும் அவர்களிடம் மட்டும் கேட்கப்பட்டன.

அரசாங்கம் இதற்குச் சில ஆண்டுகள் முன்பே கோட்டை மறுபடி வரையத் தொடங்கியிருந்தது. 2011 மார்ச் 15 முதல், கடைகளிலும் விடுதிகளிலும் சேவைப் பிராணி என்றால் நாய் மட்டுமே என்றாயிற்று. பழக்கிய குள்ளக் குதிரைக்கு மட்டும், நாயைக்கண்டு அஞ்சுவோருக்கும் நெடுங்காலம் உழைக்கும் துணை வேண்டுவோருக்கும் ஏற்றது என்பதால், தனி இடம் ஒதுக்கினார்கள். வாசலில் நிற்கும் ஊழியர் இரண்டே கேள்விகள் கேட்கலாம்: ஊனத்தின் காரணமாக இந்த நாய் தேவையா, என்ன வேலை செய்ய இது பழக்கப்பட்டிருக்கிறது? நோயின் பெயரையும் கேட்கக் கூடாது, சான்றிதழையும் கேட்கக் கூடாது. விமான விஷயத்தில் போக்குவரத்து இலாகா 2020-இல் தன் யோசனையை வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்தைக் கேட்டபோது, ஏறத்தாழ 15,000 கருத்துகள் வந்து குவிந்தன. 2021 ஜனவரி 11-இல் நடைமுறைக்கு வந்த புதிய விதி, மனத்துணைப் பிராணியைச் சாதாரண வளர்ப்புப் பிராணியாக நடத்தும் உரிமையைக் கம்பெனிகளுக்கு அளித்தது. அதே விதி, மனநோய்க்காகப் பழக்கிய நாயை வழிகாட்டி நாய்க்குச் சமமாக உயர்த்தி, அந்தப் பழைய ஏற்றத்தாழ்வை நீக்கியது. பத்திரிகைகள் முதற்பகுதியைத் தலைப்பாகப் போட்டன. எனக்கு இரண்டாம் பகுதியே பெரிதாகத் தோன்றுகிறது.

பழக்கம் என்ற அந்த ஒரு சொல்லில் இவ்வளவு பாரத்தையும் ஏற்றலாமா என்று கேட்கலாம். முன்னாள் ராணுவ வீரர்களுக்கான அமெரிக்க இலாகா, போரின் அதிர்ச்சியால் துன்புற்ற இருநூறுக்கு மேற்பட்ட வீரர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சேவை நாய்களையும் மறு பிரிவுக்கு மனத்துணை நாய்களையும் கொடுத்துப் பல மாதங்கள் கவனித்தது. அன்றாட வாழ்வின் நலத்தில் இரு பிரிவுக்கும் இடையே பெரிய வித்தியாசம் தென்படவில்லை. சேவை நாய் பெற்றவர்களிடம் அதிர்ச்சியின் குறிகள் சற்று அதிகமாகத் தணிந்தன. முற்றத்து முயலின் பக்கமும் வெஸ்ட் ஸ்ட்ரீட் நாயின் பக்கமும் உண்மை இருக்கிறது என்பதையே இந்த முடிவு எனக்குச் சொல்கிறது. ஆகவே வீட்டுக்குள் ஆறுதல் தரும் பிராணிக்கு எவரும் தடை சொல்லக் கூடாது என்றும், பிறரோடு நெருங்கி உட்கார வேண்டிய இடத்துக்கு வரும் நாய், அங்குள்ள குழந்தைக்கும், நாயைக் கண்டால் நடுங்குகிறவருக்கும், இன்னொரு நாயின் எஜமானருக்கும் கடமைப்பட்டிருக்கிறது என்றும் நான் கருதுகிறேன். அந்தக் கடமையைக் கற்பிக்கும் செலவை ஏழை நோயாளியின் தலையில் கட்டிவிட்டுச் சும்மா இருப்பதும் நியாயமாகாது. 2021 ஆகஸ்டில் கையெழுத்தான ஒரு சட்டம், போரதிர்ச்சியுற்ற வீரர்களே நாய்களைப் பழக்கும் வேலையில் ஈடுபடவும், விரும்பினால் தாம் பழக்கிய நாயையே ஏற்றுக்கொள்ளவும் ஒரு சோதனைத் திட்டத்தை ஏற்படுத்தியிருக்கிறது. பழக்குவதே வைத்தியமாகவும், பழகிய நாய் துணையாகவும் அமைகிற இந்த ஏற்பாட்டில் ட்யூக்கின் முற்றமும் யூஸ்டிஸின் பண்ணையும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

மாரிஸ்டவுன் நகரத்தின் நடுவே உள்ள பசும்புல் மைதானத்தில், மோரிஸ் ஃபிராங்குக்கும் பட்டிக்கும் 2005-இல் ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். பீடம் எதுவும் இல்லாமல், நடைபாதையில் போகிறவர்களுக்குச் சமமாக அவர்கள் நிற்கிறார்கள்; அவருடைய ஒரு கை முன்னே செல்லும்படி ஆணையிட்டு நீண்டிருக்கிறது, மறு கை கச்சையின் பிடியில் இருக்கிறது. அந்த ஊர்த் தெருக்களில்தான் இன்றும் ஸீயிங் ஐ பள்ளியின் இளம் நாய்கள் பயிற்சியாளர்களோடு நடந்து பழகுகின்றன; கடைகளுக்குள் நுழைந்து வெளியே வருகின்றன; தெரு முனைகளில் நின்று கவனித்துவிட்டு மறுபுறம் கடக்கின்றன.